பூவரச மரத்துக் குழாய்

“பதினோரு வருசம் பள்ளிக்கூடம் போயிருக்கு. ரெண்டு வயரக் கையில குடுத்து மாட்டச் சொல்லுங்க மாப்ளே, திருதிருன்னு முழிக்கும்” என்று மாமா அய்யாவிடம் சொன்னார். மாமா என் அம்மாவின் அண்ணன், அய்யா என் அப்பா. நான் கதவருகே நிற்பது அவருக்குத் தெரியும். எனக்குக் கேட்க வேண்டும் என்றுதான் அவ்வளவு சத்தமாகச் சொன்னார்.

உச்சிப்புளிக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் ஊருக்குக் கரண்டு வந்த வருஷமே அய்யா ரேடியோ வாங்கிவிட்டார். ஊரிலேயே முதல் ரேடியோ. அதன் பலனை அனுபவித்தது நானும் அம்மாவும்தான். சாயங்காலம் திருச்சியிலிருந்து விவசாயிகளுக்கான நிகழ்ச்சி தொடங்கியதும் ஊர் ஆம்பிளைகள் சேற்றுக் காலோடு வந்து எங்கள் கூடத்தில் உட்கார்ந்துவிடுவார்கள். உரம், பூச்சிமருந்து எல்லாம் சொல்லி முடித்து அவர்கள் எழுந்துபோகும்வரை நாங்கள் அடுப்படியைவிட்டு வெளியே வர முடியாது. அம்மா தினமும் முணுமுணுத்தாள். கடைசியில் அய்யா ராமநாதபுரம் மைக்செட் கடையிலிருந்து பழைய குழாய் ஸ்பீக்கர் ஒன்றை வாங்கி வந்தார். வாய் அகலம் அரிசி புடைக்கும் சுளகு அளவு இருக்கும். அதை வாசல் பூவரச மரத்தில் கட்டிவிட்டால் ஆட்கள் வெளியே மணலில் உட்கார்ந்து கேட்பார்கள், கூடம் எங்களுக்குத் திரும்பக் கிடைக்கும்.

வந்து மாட்டித் தருகிறேன் என்ற கடைக்காரர் ஏர்வாடி தர்காவின் சந்தனக்கூடு திருவிழாவுக்கு மைக்செட் கட்டப் போய்விட்டார். “நான் மாட்டுறேன்யா” என்றேன். அதற்குத்தான் மாமா அப்படிச் சொன்னார்.

எங்கள் வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். அந்த வருஷம்தான் எஸ்.எஸ்.எல்.சி. தேறியிருந்தேன். ராமநாதபுரத்தில் தங்கி ஆசிரியப் பயிற்சி படிக்க வேண்டும் என்பது என் எண்ணம். ஆவணியில் தன் மகனுக்கு என்னைக் கட்டிவைக்க வேண்டும் என்பது மாமாவின் எண்ணம். அம்மா அண்ணன் பக்கம். அய்யா எந்தப் பக்கம் என்று அய்யாவுக்கே தெரியாது. ஆனால் மாமாவின் பேச்சு அவருக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது.

“எம் மக இந்தக் குழாயப் பேச வச்சிட்டா பயிற்சிக்கு அனுப்புவேன் மச்சான். வைக்கலன்னா ஒங்க இஷ்டம், ஆவணியிலயே வச்சிக்கிருவோம்.”

மாமா குழாயைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். “இதுக்குக் கரண்டு எங்கன குடுக்கணும்?”

“தனியாக் கரண்டு வேணாம் மாமா. ரேடியோ குடுக்கிறத வாங்கிக்கிட்டு அது பேசும்.”

“அப்பத் தீனி போடாமக் கறக்குற மாடு. கற, பாப்போம்.”

மறுநாள் வேலையை ஆரம்பித்தேன். உப்புக் காற்றில் வயர் முனைகள் பச்சை பூத்துக் கிடந்தன. அரிவாள்மணையில் சுரண்டிச் செம்பு தெரிய வைத்தேன். அண்டை வீட்டு அண்ணன் ஒருவர் மரத்தில் ஏறிக் குழாயைக் கட்டிக்கொடுத்தார். கச்சான் காற்றில் கிளை ஆடினால் வயர் அறுந்துவிடாமல் இருக்கக் கொஞ்சம் தொய்வு விடச் சொன்னேன். ஜன்னல் வழியாக வயரை உள்ளே இழுத்துக்கொண்டேன். ரேடியோ இருந்தது சுவரில் பதித்த மாடத்தில். அதன் முதுகில் துளைகள் இருப்பது தெரியும், ஆனால் தலையை நுழைத்துப் பார்க்க இடமில்லை. கையால் தடவி, அகப்பட்ட இரண்டு துளைகளில் வயரைச் செருகினேன்.

சாயங்காலம் ஊரே மரத்தடியில் கூடிவிட்டது. ரேடியோ எப்படிப் போனாலும் நான் முழிப்பதைப் பார்க்கலாமே. மாமா குழாய்க்கு நேர் கீழே கயிற்றுக் கட்டில் போட்டு உட்கார்ந்துகொண்டார், பக்கத்தில் அய்யா. மாமாவின் வீட்டம்மாவான அத்தை உள்ளே வந்து அம்மாவோடு நின்றாள்.

ரேடியோவைப் போட்டேன். கூடத்தில் திருச்சிக்காரர் கணீரென்று பேசினார். ஜன்னல் வழியாக, “கேக்குதாய்யா?” என்று கத்தினேன்.

“இங்கன ஒண்ணும் கேக்கலத்தா” என்றார் அய்யா. குரலில் சுரத்தே இல்லை. நான்கைந்து பேர் சிரித்தார்கள்.

ஒவ்வொரு குமிழாகத் திருகினேன். ஒரு குமிழைக் கடைசிவரை திருப்பியதும் திருச்சிக்காரர் சட்டென்று நின்றுபோனார். பிறகு ரேடியோ இருமியது.

அது மாமாவின் இருமல்.

“குழாய் வாயத் தொறக்காது மாப்ளே” என்றது ரேடியோ. “நாளைக்கே தேதி பாத்துருவோம்.”

அத்தை அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். “அடியாத்தீ! இவுக எப்பத் திருச்சிக்குப் போனாக?”

எனக்கு ஒரே நொடியில் விளங்கிவிட்டது. ஒலிவாங்கிக்கும் ஒலிபெருக்கிக்கும் உள்ளே இருப்பது ஒரே காந்தம், ஒரே கம்பிச்சுருள் என்று விஞ்ஞான வகுப்பில் எழுதிப் போட்டிருந்தார்கள். கிராமபோன் பெட்டிக்கு உரிய துளையில் நான் வயரைச் செருகி, குமிழையும் கிராமபோன் பக்கமே திருப்பியிருக்கிறேன். அதனால் குழாய் பேசுவதற்குப் பதிலாகக் கேட்கிறது. இதைத் தவறு என்று என்னால் இன்றுவரை சொல்ல முடியவில்லை.

வயரைப் பிடுங்கப் போனேன். அதற்குள் ரேடியோ மறுபடி பேசியது.

“சாப்பிட்டுத்தான் போகணும்னு தங்கச்சி சொல்லிருச்சு. அத நெனச்சாத்தான் வயித்தக் கலக்குது. சின்னப்புள்ளையில இருந்தே அதுக்குப் புளி கரைக்க வராது மாப்ளே. மீன் கொழம்பா வைக்கிது? துணி தொவச்ச தண்ணி.”

அம்மா கரண்டியோடு வந்து ரேடியோவின் முன்னால் நின்றாள். அடுத்து அய்யாவின் குரல் வந்தது.

“அத ஏன் கேக்குறீக. கல்யாணமான நாள்ல இருந்து கருவாட்டத் தொட்டுக்கிட்டே ஓட்டிட்டேன்.”

நான் கையை நீட்டினேன். அம்மா என் கையைத் தட்டிவிட்டாள். “இரு. முழுசாக் கேப்போம்.”

“ஒங்களுக்காவது கருவாடு இருக்கு” என்று மாமா தொடர்ந்தார். “எங்க வீட்டுல அதையும் கருக்கிப்புடுவா. அதுக்குத்தான் மாப்ளே ஒங்க மகளக் கேக்குறேன். அது கைப்பக்குவமே வேற. படிக்கப் போயிட்டா எங்க வீட்டுல யாரு ஆக்கிப் போடுறது?”

அத்தை மெதுவாக, “நாத்தனா, இது மதுரை வரைக்கும் கேக்குமோ?” என்றாள்.

“கேக்கட்டும்” என்றாள் அம்மா. என் பக்கம் திரும்பினாள். “ஏய், இத ஒழுங்கா மாட்டு. மாட்டி அந்தக் குழாயப் பேச வை. மத்தத நான் பாத்துக்கிறேன்.”

நானும் அத்தையும் ரேடியோவை மாடத்திலிருந்து முன்னால் இழுத்தோம். பின்னால் இரண்டு ஜோடித் துளைகள். ஒன்றின் மேல் இசைத்தட்டுப் படம், மற்றதன் மேல் ஸ்பீக்கர் படம். ரேடியோவை அணைத்து, வயரை மாற்றி, குமிழைத் திருப்பி மறுபடி போட்டேன். மரத்திலிருந்து திருச்சிக்காரர் நிலக்கடலைக்கு ஜிப்சம் இடும் முறையை அலறினார். மாமா கட்டிலோடு ஒரு முழம் நகர்ந்தார். கட்டிப்போட்டிருந்த ஆடு முளையைப் பிடுங்கிக்கொண்டு கம்மாய்ப் பக்கம் ஓடியது. ஜனங்கள் கைதட்டினார்கள். அய்யா எழுந்து நின்று, தானே பேசுவதுபோலச் சுற்றிலும் பார்த்தார்.

இலை போட்டதும் அம்மா இரண்டு பேருக்கும் சோற்றைக் குவித்து, மீன் குழம்பைக் குளம் கட்டி ஊற்றினாள். கருவாடு வைக்கவில்லை.

“சாப்பிடுண்ணே. வயித்தக் கலக்காது. இன்னைக்குத் துணி தொவைக்கல.”

மாமாவின் கை இலையிலேயே நின்றுவிட்டது. அய்யா முதலில் அம்மாவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், பிறகு குனிந்து மளமளவென்று சாப்பிட ஆரம்பித்தார்.

“இவ பயிற்சிக்குப் போறா” என்றாள் அம்மா. “ஒங்க வீட்டுல ஆக்கிப் போட ஆள் வேணும்னா வேற எடத்துல கேளு. என்ன அண்ணி?”

“ஆமா. அதுவரைக்கும் கருக்குனதத்தான் திங்கணும்” என்றாள் அத்தை.

மரத்தடியில் இருந்தவர்களில் யார் கோள் சொன்னது என்று மாமா இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறார். அண்டை வீட்டு அண்ணன்மேல்தான் சந்தேகம்.

பெட்டியோடு ராமநாதபுரத்துக்குக் கிளம்பிய அன்று காலை, அய்யா வண்டி பூட்டப் போயிருந்த நேரத்தில், ஜன்னல் கட்டையின் உள்பக்கம் ஒரு சின்ன ஸ்விட்சைத் திருகிப் பொருத்தினேன். மேலே தள்ளினால் ரேடியோ மரத்தடியில் கேட்கும். கீழே தள்ளி, குமிழையும் கடைசிவரை திருப்பினால் மரத்தடிப் பேச்சு கூடத்தில் கேட்கும். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அதனால் ஸ்விட்சின் கீழ்ப்பக்கத்தில் கரியால் ஒரு மீன் வரைந்துவிட்டு வந்திருக்கிறேன்.