மேம் சொன்ன கரை

“கரையில ஓடுன்னு உங்க மேம் கத்துனாங்களா, இல்லையா? ஆமா, இல்லை, ரெண்டுல ஒண்ணு சொல்லும்மா.”

கல்லூரி முதல்வர் அறையில் சிவபாலன் சார் என்னைக் கேட்ட கேள்வி இது. போட்டியை நடத்திய குழுவின் செயலாளர் அவர். அன்று என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ‘ஆமா’ என்பதுதான் உண்மை. ஆனால் அதைச் சொன்னால் பூங்கொடி மேமின் வேலை போய்விடும்.

பூங்கொடி மேம் காரைக்காலில் ஒரு பெண்கள் கல்லூரியின் ஓட்டப் பயிற்சியாளர். ஊர் மண்டபத்தூர். அப்பா கடலுக்குப் போகிறவர். மேம் ஒரு காலத்தில் ஆயிரத்து ஐந்நூறு மீட்டரில் பதக்கம் வாங்கியவர். இருபத்திரண்டு வயதில் முழங்கால் ஜவ்வு கிழிந்தது. அதோடு ஓட்டம் நின்றது. உடற்கல்வி படித்துவிட்டு இந்தக் கல்லூரிக்கு வந்தார். பதினோரு வருடங்களாக ஒப்பந்த வேலைதான். ஒவ்வொரு ஜூன் மாதமும் முதல்வரின் கையெழுத்துக்காக வராந்தாவில் நிற்பார்.

நான் அந்தக் கல்லூரி மாணவி இல்லை. பிளஸ் டூ முடித்துவிட்டு, எதில் சேருவது என்று தெரியாமல் வீட்டுக்கும் தெருவுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். காலையில் கல்லூரிப் பெண்களோடு ஓட மேம் என்னையும் சேர்த்துக்கொண்டார். அவருடைய பேச்சில் பாதி கடல். “வாடைக் காத்துடி, மூஞ்சியக் குடுக்காத, தோளக் குடு” என்பார். யாராவது மெதுவாக ஓடினால், “ஒன் ஊரு பேரச் சொல்லு பாப்போம்” என்பார். திணறாமல் சொல்லிவிட்டால், “நீ ஓடல, கடைக்குப் போயிட்டு வர்ற” என்பார்.

போன டிசம்பரில் கல்லூரிகளுக்கு இடையிலான நெடுந்தூர ஓட்டம் நடந்தது. கடற்கரை மணலில் தொடங்கி, அரசலாறு கடலில் சேரும் இடத்துக்கு அருகே மூன்றாம் கொடியைச் சுற்றி, நான்காம் கொடி வழியாகத் திரும்ப வேண்டும். அணிக் கோப்பை வந்தால் வேலையை நிரந்தரமாக்குவது பற்றிப் பேசலாம் என்று முதல்வர் மேமிடம் சொல்லியிருந்தார். போட்டிக்கு இரண்டு வாரம் முன்பு அணியில் இருந்த ஷஃபீனாவுக்குக் கணுக்கால் பிசகியது. அவளுக்குப் பதிலாக விழிதியூர் நீலாயதாட்சி வந்தாள். விவசாயக் குடும்பம், நல்ல கால்கள். அந்த இரண்டு வாரமும் கடல் கொந்தளிப்பாக இருந்ததால் பயிற்சி கல்லூரி மைதானத்தில்தான் நடந்தது. நீலா மணலில் ஓடிப் பழகவே இல்லை.

போட்டியன்று நான் இரண்டாம் கொடியில் தன்னார்வலராக நின்றேன். மேம் என் பக்கத்தில் நின்றார். நீலா நான்காவதாக வந்தாள். காய்ந்த மணலில் கால் புதைந்து தடுமாறினாள்.

“நீலா, கரையப் புடி! கரையப் புடிச்சு ஓடு!” என்று மேம் கத்தினார்.

நீலா தலையை நிமிர்த்திப் பார்த்தாள். சட்டென்று திரும்பி ஆற்றங்கரை மேட்டில் ஏறினாள்.

“அய்யோ, அங்க இல்லடி!”

காற்றில் அது அவளுக்குக் கேட்கவில்லை. மூன்றாம் கொடியைத் தொடாமலே நான்காம் கொடிக்குப் போய்ச் சேர்ந்தாள். முதலாவதாக முடித்தாள். பத்து நிமிடம் கூடக் கோப்பை எங்களிடம் இல்லை. புகார் வந்தது, அணியை நீக்கினார்கள். குறுக்குவழியில் போகச் சொன்னதே பயிற்சியாளர்தான் என்று போட்டிக் குழு கல்லூரிக்கு எழுதியும் கொடுத்தது.

விசாரணையில் நீலா எழுதிக் கொடுத்தது ஒரே வரி: ‘மேம் கரையில் போகச் சொன்னார்.’ மேம், “கத்துனது நான்தான், புள்ளைய விட்டுருங்க” என்று மட்டும் சொன்னார். அடுத்துதான் என்னிடம் அந்த ‘ஆமா, இல்லை’ கேள்வியைக் கேட்டார்கள். எங்கள் வீட்டில் ஜவுளி வியாபாரம். எனக்குக் கரை என்றால் புடவைக் கரைதான். மேம் எந்தக் கரையைச் சொன்னார் என்று எனக்கே தெரியவில்லை.

“வெள்ளிக்கிழமை முடிவு சொல்றோம்” என்றார் முதல்வர்.

வியாழக்கிழமை ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு விழிதியூர் போனேன். நீலா வயலில் அம்மாவோடு நின்றாள். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“நான் என்ன பொய்யா எழுதுனேன்? கரையில போன்னாங்க, போனேன். இப்ப எல்லாரும் என்னையத் திருடி மாதிரி பாக்குறாங்க.”

கோபத்தில் நானும் கத்தினேன். வாய்க்கால் ஓரச் சேற்றில் என் செருப்பு புதைந்தது. அவள் அம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

“சண்டய அப்பறம் போடலாம் அர்ஷியா. மொதல்ல சேத்த வுட்டுக் கரையில ஏறி நில்லு!”

நான் வாய்க்கால் மேட்டில் ஏறினேன். ஏறிய பிறகுதான் உறைத்தது: இந்த ஊரில் கரை என்றால் மேடு. நீலாவுக்கும் உறைத்தது. “மேம் ஊர்ல கரைன்னா...” என்று தொடங்கியவள் பாதியில் நிறுத்திவிட்டு அழுதாள்.

வெள்ளிக்கிழமை காலை இரண்டு பேரும் முதல்வர் அறைக்குப் போனோம். மேமும் சிவபாலன் சாரும் முன்பே அங்கே இருந்தார்கள். நாங்கள் சொல்லி முடிப்பதற்குள் சிவபாலன் சார் சிரித்தார். “என்னம்மா, தமிழ் வகுப்பு எடுக்குறீங்களா?”

அந்த நேரம் அலுவலக உதவியாளர் காத்தமுத்து அண்ணன் கோப்போடு உள்ளே வந்தார். அவரும் கடலோரத்துக்காரர்.

“அண்ணே, கரையப் புடிச்சு ஓடுன்னு சொன்னா எங்க ஓடுவீங்க?”

அவர் முதல்வரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். “அலை நனைச்ச ஈர மணல்லதான். அங்கதான கால் பொதையாது? நீ எங்க ஓடுவ?”

முதல்வர் பேனாவை மூடினார். அவர் திருநள்ளாறு பக்கம், வயல்காட்டு ஊரில் வளர்ந்தவர். “நானா இருந்தாலும் ஆத்தங்கரையிலதான் ஏறியிருப்பேன்” என்றார் மெதுவாக.

மேம் அப்போதும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளவில்லை. “புதுசா வந்த புள்ளைக்கு என் பேச்சு புரியுமான்னு நான் யோசிக்கலங்க சார். அந்தத் தப்பு என்னுது. ஏமாத்தச் சொல்லல” என்றார்.

ஏமாற்று இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். கோப்பை திரும்பி வரவில்லை. நிரந்தர வேலைப் பேச்சும் நின்றுபோனது. ஒப்பந்தம் மட்டும் ஜூனில் இன்னொரு வருடத்துக்கு நீண்டது. இப்போதெல்லாம் புதிதாக யார் வந்தாலும் மேம் முதல் நாளே ஈர மணலில் கூட்டிப்போய் நிறுத்துகிறார். “இதுதாண்டி நான் சொல்ற கரை. ஒன் ஊருக் கரை எது? அதையும் சொல்லு” என்று கேட்கிறார்.

ஆனால் அந்தக் கையெழுத்து அறைக்கு வெளியே வரவில்லை. கோவில்பத்து பேருந்தில், மற்ற கல்லூரி மைதானங்களில், அவருக்கு இன்னும் ‘குறுக்குவழி மேம்’ என்றுதான் பெயர். போன வாரம் என் காதாலேயே கேட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். அந்தப் பெயரை யாராவது உங்களிடம் சொன்னால், அவர்கள் ஊரில் கரை என்றால் எது என்று முதலில் கேளுங்கள். அவர்கள் பதில் சொன்னதும் இந்தக் கதையைச் சொல்லுங்கள். கேட்டவர்களையும் நாலு பேரிடம் சொல்லச் சொல்லுங்கள்.