ரெண்டு கையும் பட்டனில்

பக்கத்து வீட்டு செல்வம் அண்ணனுக்கு ஒரகடம் கார் கம்பெனியில் வேலை. அங்கே மிஷின் சக்கரத்துக்கு மேலே வரும் ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும், இவர் நட்டு போடுவார்.

இன்று லீவு. தன்னுடைய பழைய குட்டி லாரியில் உடைந்த ஸ்பிரிங்கை மாற்ற வாசலில் உட்கார்ந்துவிட்டார். ஸ்பிரிங்கை நைலான் கயிற்றால் கட்டி, மேல் நட்டில் ஸ்பானர் வைத்திருந்தார்.

"அண்ணே, நட்டு கழண்டா ஸ்பிரிங் எகிறும். மூஞ்சி போயிடும்" என்றேன்.

"டெய்லி இதாம்பா என் வேலை. நாளைக்குக் காலைல வாலாஜாபாத் லோடு கீது. மெக்கானிக் சாயங்காலம்தான் வருவானாம்."

பாவம், அவர் அவசரம் அவருக்கு.

அவர் மனைவி ரேவதி அக்கா கைக்குழந்தையோடு வெளியே வந்தார்.

"கம்பெனில ரெண்டு கையும் ரெண்டு பட்டன்ல இருந்தாத்தான் மிஷின் அமுக்கும், கை உள்ள மாட்டாதுன்னு நீதானே சொன்னே? இப்ப உன் கை எங்க கீது?"

அண்ணன் குனிந்து பார்த்தார். இடது கை ஸ்பிரிங் வளையங்களுக்கு நடுவில் இருந்தது. மெதுவாக வெளியே எடுத்து, ஸ்பானரையும் கீழே வைத்தார்.

அக்கா உடனே குழந்தையை அவரிடம் கொடுத்து, "ரெண்டு கையாலயும் புடி" என்றார்.

சாயங்காலம் படப்பை மெக்கானிக், ஸ்பிரிங்கை இருபுறமும் கவ்வி இறுக்கும் கருவியோடு வந்து வேலையை முடித்தார். அதுவரை அண்ணனால் குழந்தையை இறக்க முடியவில்லை.

கம்பெனியில் அவசரத்துக்கு ஒரு பட்டனை அமுக்கியபடி டேப் ஒட்டி மிஷினை ஏமாற்றுவார்களாமே. ரேவதி அக்காவுக்கு எங்கே ஒட்டுவது? தெரிந்தவர்கள் அண்ணனுக்குச் சொல்லிவிடாதீர்கள்.