ஹஜ்ஜுக்குப் புறப்படும் முன் அண்ணன் வந்தார்

அல்லாஹ் எங்கள் குடும்பத்துக்குச் செய்ததை எனக்குள்ளேயே வைத்துக்கொள்ள மனம் வரவில்லை. என்னைப் போல அழுதுகொண்டிருக்கும் சகோதரி யாராவது படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நான் கள்ளக்குறிச்சியில் பிறந்து தியாகதுருகத்தில் வாழ்க்கைப்பட்டவள். என் கணவர் மொபெட்டில் புடவை மூட்டையைக் கட்டிக்கொண்டு கல்வராயன் மலையில் ஊர் ஊராகப் போய் விற்பார். ஒரு மழை நாளில் மலை வளைவில் வண்டி சறுக்கித் தொடை எலும்பு முறிந்தது. கம்பி வைத்தார்கள். அதோடு மலை வியாபாரம் போயிற்று. நான் ஜாக்கெட் தைத்துக் குடும்பத்தை ஓட்டினேன். அந்த நேரம் பார்த்து, குடியிருந்த வாடகை வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள்.

போக இடம் இல்லாமல் இல்லை. கள்ளக்குறிச்சியில் என்னைப் பெற்ற அத்தாவின் வீடு இருந்தது. முன்பக்கம் கடையும் அண்ணன் குடும்பமும். பின்பக்கம் இரண்டு அறை, சந்துப் பக்கம் தனி வாசல். அத்தா மௌத்தாகி அடுத்த பெருநாளுக்குள் அம்மாவும் போய்விட்டார்கள். பிள்ளைகள் அண்ணனும் நானும்தான். மார்க்கப்படி அண்ணனுக்கு இரண்டு, எனக்கு ஒன்று என்று மூன்றில் ஒரு பங்கு என்னுடையது. ஆனால் அம்மாவின் நாற்பதாம் நாள் முடிந்ததுமே அண்ணன் பின்பக்கத்தைப் பூட்டிவிட்டார்.

கேட்கப் போனேன்.

"உனுக்கு இன்னா பங்கு? கல்யாணத்துல நகை போட்டு, சீர் செஞ்சு அனுப்பலியா? அம்மாவைக் கடைசி வரைக்கும் பார்த்துக்கினது யாரு?" என்று கடைக்கு வந்தவர்கள் முன்னால் கத்தினார். ஜமாஅத் பெரியவர்கள் கூப்பிட்டுப் பேசியும் அவர் பிடி கொடுக்கவில்லை. கோர்ட்டுக்குப் போகச் சொன்னார்கள். கூடப் பிறந்தவரைக் கூண்டில் ஏற்ற எனக்குத் தெம்பில்லை.

அழுதேன். தொழுகைப் பாயில் உட்கார்ந்தாலே அழுகைதான். முதலில் "என் பங்கை வாங்கிக் கொடு" என்று மட்டும்தான் கேட்டேன். ஒருநாள் விடியற்காலை சுபுஹு தொழுதுவிட்டுக் கையேந்தினேன். சின்ன வயதில் எனக்கு அம்மை போட்டபோது பள்ளிக்கூடம் போகாமல் பக்கத்தில் உட்கார்ந்து விசிறிய அண்ணன் ஞாபகத்துக்கு வந்தார். என்னை அறியாமல் துஆ மாறியது. "யா அல்லாஹ், வூடும் வேணும், அண்ணனும் வேணும். ஒண்ணைக் கொடுத்து ஒண்ணை எடுத்துக்காதே."

அன்றிலிருந்து அதையேதான் கேட்டேன். வாடகை வீட்டில் தவணை கேட்டுக் கேட்டு நாளைத் தள்ளினோம்.

சில மாதங்களில் அண்ணனுக்கு ஹஜ் பயணம் அமைந்தது. ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் சொந்தபந்தங்களிடம் மன்னிப்புக் கேட்டு, அடுத்தவர் உரிமை எதுவும் தங்களிடம் தங்காமல் பார்த்துக்கொண்டுதான் கிளம்ப வேண்டும். திருக்கோவிலூர் மாமா வீட்டுக்குப் போனாராம், நைனார்பாளையத்துக்கும் போனாராம். என் வாசலுக்கு மட்டும் வரவில்லை. புறப்படுவதற்கு முந்தின வாரம், சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு, வந்தார்.

நாற்காலியில் உட்கார்ந்தவர் என் கணவரின் காலைப் பார்க்கவில்லை. "ஏதாவது தப்பா பேசியிருந்தா மாப்பு பண்ணிடும்மா" என்றார்.

சரி என்று சொன்னால் அதோடு பங்கு போச்சு. இல்லை என்றால் அண்ணன் போச்சு. பிஸ்மி சொல்லிக்கொண்டு வாயைத் திறந்தேன்.

"நீ திட்டுனதை எப்பவோ மன்னிச்சிட்டேண்ணா. கடைக்கு முன்னால அசிங்கப்படுத்துனதையும் மன்னிச்சிட்டேன். ஆனா அத்தா வூட்டுல என் பங்கு இன்னும் பாக்கி இருக்குது. அதையும் மன்னிச்சிட்டேன்னு வாயால சொன்னா அது பொய். பொய்யைச் சொல்லி உன்னை அல்லாஹ் வூட்டுக்கு அனுப்ப மாட்டேன்."

அவர் முகம் கறுத்தது. டீயைத் தொடாமல் எழுந்து போய்விட்டார்.

"வாய் வார்த்தைக்காவது சொல்லித் தொலைச்சிருக்கலாமே" என்றார் என் கணவர். அண்ணனும் போய்விட்டார் என்று நினைத்து நான் அழுத அழுகை அந்த ரப்புக்குத்தான் தெரியும்.

மறுநாள் காலை வாசலில் ஆட்டோ நின்றது. அண்ணன் இறங்கினார். கண்கள் வீங்கியிருந்தன.

"இஹ்ராம் துணியை மடிச்சுப் பெட்டியில வெச்சிக்கினு இருந்தேன். கை ஓடல. நீ சொன்னதே காதுல கேட்டுக்கினு இருந்துச்சு. உன் அண்ணியும், கொடுத்துட்டுப் போங்கன்னுட்டா. கெளம்பும்மா, வூட்டைப் பார்த்துட்டு வரலாம்."

பின்பக்கக் கதவை அவரே திறந்தார். உள்ளே ஒட்டடையும் தூசியும். ஆள் வைத்து அளந்து, அந்த வாரமே பத்திர ஆபீசில் பாகப்பிரிவினையைப் பதிந்து கொடுத்தார். கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்ததும் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "இப்ப மனசார மன்னிச்சிட்டேண்ணா. ஒண்ணும் பாக்கி இல்ல. நிம்மதியா போய்ட்டு வா." அத்தனை பேர் பார்க்க, ஆபீஸ் வாசலில் நின்று குலுங்கிக் குலுங்கி அழுதார் என் அண்ணன்.

அல்ஹம்துலில்லாஹ், இப்போது அந்தப் பின்வீட்டில்தான் இருக்கிறோம். சந்துப் பக்கம் என் கணவர் புடவைக் கடை வைத்திருக்கிறார். தனக்கு ஜாக்கெட் தைக்க அண்ணி என்னிடம்தான் வருகிறார்.

சகோதரிகளே, உங்கள் உரிமையைக் கேட்பது பாவமில்லை. கேளுங்கள். அதைத் தராதவருக்காகவும் சேர்த்துக் கையேந்துங்கள். தங்கையின் பங்கைப் பூட்டி வைத்திருக்கும் அண்ணன் யாராவது இதைப் படித்தால், ஹஜ்ஜுக்குப் போகும் நாள் வரை காத்திருக்காதீர்கள். இன்றைக்கே அவள் வீட்டுக்குப் போங்கள். அவள் உங்களுக்காகத்தான் துஆ செய்துகொண்டிருப்பாள்.