வெளியே நின்ற தலைவர்

என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரே பெரிய பதவி கை வைத்த ஒரு நாற்காலி. இணைய முகவரியின் கடைசியில் ஒரு புள்ளியும் அதற்குப் பின்னால் ஒரு சின்னச் சொல்லும் வருமே, அப்படி ஒரு சொல்லை எங்கள் பக்கத்துக் கம்பெனிகள் பல கூட்டாக நடத்துகின்றன. அந்தச் சொல்லில் முடியும் பெயர்களுக்கெல்லாம் ஒரே பொதுப் பதிவேடு. ஒரே பெயருக்கு இரண்டு பேர் அடித்துக்கொண்டால் தீர்த்துவைக்க மூன்று பேர் குழு. அதற்கு நான்தான் தலைவர். சம்பளம் கிடையாது; டீ உண்டு. மற்ற இருவரும், அதாவது வக்கீலும் கம்ப்யூட்டர் கடைக்காரரும், கை இல்லாத நாற்காலியில் உட்காருவார்கள்.

குழுவின் விதிகளை எழுதியதும் நான்தான். சொந்தக்காரர் வழக்கு வந்தால் அந்த உறுப்பினர் எழுந்து வெளியே போய்விட வேண்டும். மூன்று பேரும் அறையில் இல்லாமல் தீர்ப்புச் சொல்லக் கூடாது. இரண்டுக்கும் தனித்தனியாகக் கைதட்டல் வாங்கினேன். சேர்த்துப் படித்துப் பார்க்க என் மூளைக்கு எட்டவில்லை.

என் மனைவி தையல் கடை வைத்திருக்கிறாள். அவளிடம் துணி வெட்டிக்கொண்டிருந்தவர் தனிக்கடை போட்டார். போகிற போக்கில் அவள் கடைப் பெயரிலேயே இணைய முகவரியையும் வாங்கிவிட்டார். பள்ளிச் சீருடை ஆர்டரெல்லாம் அவள் கடை என்று நினைத்து அவரிடம் போயிற்று. அடுத்த பருவமும் போனால் கடையைப் பூட்ட வேண்டியதுதான். அவள் எங்கள் குழுவிடம் முறையிட்டாள்.

வழக்கை எடுத்ததும் நான் கம்பீரமாக எழுந்து வெளியே போனேன். உள்ளே இரண்டு பேர், கூட்டம் செல்லாது. திரும்பி வந்தேன், சொந்தக்காரன் உள்ளே இருக்கிறான், வழக்கை எடுக்க முடியாது. மறுபடி வெளியே போனேன்.

"சார், ஒரு இடத்துல நில்லுங்க. டீயை எங்கதான் வைக்கிறது?" என்றார் டீ கொண்டுவந்தவர்.

ஒத்திவைத்தார்கள். அடுத்த கூட்டத்திலும் அதே கூத்து.

"விதியை மாத்திடலாமே?" என்று வக்கீலிடம் இழுத்தேன்.

"வழக்கு நடக்கும்போது விதியை மாத்தக் கூடாதுன்னு இருக்கே, தலைவரே."

அதை எழுதிய மகானும் நான்தான்.

அன்று மனைவி சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுத்தபடியே கேட்டாள்: "நீங்க அங்க இல்லாம இருந்தா என் கதை என்ன ஆகியிருக்கும்?"

"எப்பவோ பேர் கிடைச்சிருக்கும்."

அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலை. தலை நிமிரவே இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. அப்போதும் நாற்காலியை விட மனசு வரவில்லை என்பது அதைவிட வெட்கம்.

ஒருவழியாக ராஜினாமா கொடுத்தேன். "போகாதீங்க" என்று யாராவது கெஞ்சுவார்கள் என நினைத்து உருக்கமான பதில்கூடத் தயார் செய்திருந்தேன். என் தலைமையில் எந்த முடிவும் அவ்வளவு வேகமாக எடுக்கப்பட்டதில்லை.

என் இடத்துக்கு ஒரு கணக்கு டீச்சர் வந்தார். விசாரணையன்று மனைவியின் கைப்பையைப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் நின்றேன். கதவு திறந்திருந்தது.

"குழுவுல உங்க சொந்தக்காரங்க யாராவது இருக்காங்களாம்மா?" என்றார் டீச்சர்.

"இருந்தார்," என்றாள் மனைவி. "எனக்காக வெளிய வந்துட்டார்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. கைக்குட்டைக்காகப் பையைத் துழாவினேன். அளவெடுக்கிற டேப்தான் கிடைத்தது. அதற்குள் தீர்ப்பு வந்துவிட்டது. பெயர் அவளுக்கே.

வெளியே வந்தவள் பையை வாங்கிக்கொண்டாள். "வாங்க, கடையில வேலை கிடக்கு. உங்களுக்கும் ஒரு ஸ்டூல் போட்டு வெச்சிருக்கேன்."