தடித்த ஒயர்

எங்கள் அப்பாவுக்குப் பைத்தியம் என்று கரமனைத் தெருவே முடிவு கட்டியதற்கு ஒரு ஒயர்தான் காரணம். பழவங்காடி ரேடியோக் கடையில் சொல்லிவைத்து வரவழைத்தது, பெருவிரல் தடிமன். அதைப் பழைய ஸ்பீக்கர் பெட்டியில் மாட்டிய நாளிலிருந்து தினமும் ஒரே கேசட்டைத்தான் ஓடவிடுவார். நவராத்திரிக் கொலுவின் முன்னால் அம்மா பாடியது. அம்மா தவறிப்போனபோது எனக்கு இரண்டு வயது. "இப்பத்தான் அவ குரல் நிஜமா அப்படியே இருக்கு" என்று அப்பா சொன்னால் நம்புவதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை.

அம்மாவின் தம்பி, என் மாமா, நம்பவில்லை. இன்ஜினியர் வேறு, கேட்க வேண்டுமா!

"ஒயர் ஒயர்தான் அத்திம்பேர். பிடிச்சிருக்குன்னு சொல்லுங்கோ, ஒத்துக்கறேன். நிஜம்னு சொல்லாதேங்கோ. அக்கா குரல் இன்னும் கொஞ்சம் கீச்சுன்னு இருக்கும், எனக்குத் தெரியாதா?"

அப்பாவின் முகம் சுருங்கிவிட்டது. "பாட்டு எடுக்கறதுக்கு முன்னாடி அவ மூச்சு இழுப்பாளே, அது இந்த ஒயர்லதான் கேக்கறது. கண்ணை மூடிண்டு சொல்வேனாக்கும்."

மாமா அதையே பிடித்துக்கொண்டார். இருவரும் வாசலைப் பார்த்து உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வது, நான் ஸ்பீக்கர் இருந்த அலமாரிக்குப் பின்னால் ஒயரை மாற்றி மாற்றி மாட்டுவது என்று ஏற்பாடு. எனக்கு எட்டு வயது. அப்பா தோற்றால் அம்மாவின் குரலே பொய்யாகிவிடும் என்று நினைத்துக்கொண்டே ஒயர்களோடு பின்னால் போனேன்.

முதலில் மெல்லிய பழைய ஒயரை மாட்டினேன். "இது பழசு" என்றார் அப்பா. அப்பாடா! அடுத்தது தடித்தது. அந்தச் சனியன் கிளிப்புக்குள் நுழைந்தால்தானே? செம்பு இழைகள் பிரிந்து விரலைக் குத்தின. "என்னடீ பண்றே?" என்று மாமா அதட்டினார். பதறிப்போய்ப் பழையதையே திரும்பச் செருகிவிட்டேன்.

கேசட் ஓடியது.

"இதோ! அந்த மூச்சு கேட்டேளா? இதாக்கும் அவ!" என்றார் அப்பா.

மாமா எழுந்து வந்து அலமாரிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். தடித்த ஒயர் என் காலடியில் கிடந்தது. அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு அப்பாவிடம் போய், "நீங்க சொன்னதுதான் சரி அத்திம்பேர். இன்னொரு தடவை போடுங்கோ" என்றார்.

இன்ஜினியருக்குக் கண் அவிந்துபோயிற்று என்று எனக்கு ஒரே குஷி. அன்று இருவரும் அந்தப் பாட்டை நாலைந்து தடவை கேட்டார்கள். மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டபோது தோற்றுப்போன வெட்கம் என்று நினைத்தேன். நான் பாட்டின் பக்கமே போகவில்லை. யாராவது பின்னால் வந்து பார்த்துவிடப் போகிறார்களே என்று ஒயரையே காவல் காத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வருஷ மழையில் கேசட்டில் பூஞ்சை பிடித்து நாடா சுற்றாமல் போயிற்று. மாமா என்னென்னவோ செய்து பார்த்தார், ஒன்றும் நடக்கவில்லை. பாட்டி எப்படிப் பாடுவாள் என்று இப்போது என் மகள் கேட்கிறாள். ஐயோ, என்ன சொல்வேன்? குரல் மென்மையா, கீச்சென்று இருக்குமா, அதுகூட எனக்குத் தெரியாது. அத்தனை நாள் அம்மா கேசட்டில் பாடியதை ஒரு தடவையாவது உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்டிருக்கலாம். நாளைக்கும் பாடத்தானே போகிறாள் என்று இருந்துவிட்டேன்.