கீபேட் ஒலித்த பக்கம்

என் மகளுக்குக் காது கேட்கிறதா என்ற சந்தேகம் எனக்கு எப்போது வந்தது என்று சொல்லத் தெரியவில்லை. அது ஒரே நாளில் வந்ததல்ல. மழை மாதங்களில் எங்கள் போடியில் காலை நேரத்து மலை மெல்ல மெல்லக் காணாமல் போகுமே, அப்படி வந்தது. முதலில் உச்சி மறையும். பிறகு பாதி. அடுப்பை அணைத்துவிட்டு மறுபடி வந்து பார்த்தால் தெருமுனைக்கு அப்பால் வெறும் வெள்ளைதான் இருக்கும்.

அவளுக்கு அப்போது பத்து மாதம். சில நாட்கள் தொட்டிலுக்குப் பக்கத்தில் நான் வளையலைக் கழற்றி வைத்தாலே விழித்துக்கொள்வாள். சில நாட்கள் குக்கர் விசில் மேல் விசிலாகப் போட்டாலும், வாசலில் லோடு இறக்க வந்த ஜீப் ஹாரன் அடித்துக்கொண்டே நின்றாலும் இமை அசையாது. கேட்கவில்லை என்று கலங்கிப்போய் உட்கார்ந்திருப்பேன். அன்று மாலையே என் தும்மலுக்குத் திடுக்கிட்டு அழுவாள். கேட்கிறது என்று நிம்மதியடைந்தால் அடுத்த நாள் அந்த நிம்மதி போய்விடும். பாலூட்டிப் பாலூட்டித் தூக்கம் கெட்டிருந்த நாட்கள் அவை. நான் பார்த்தது நிஜமா, கண்ணயர்ந்தபோது வந்த கனவா என்றுகூடச் சில சமயம் தெரியாது.

என் மாமியாருக்கு, நான் அத்தை என்று கூப்பிடுகிறவருக்கு, அந்தத் தூக்கம் பெருமை. “எங்க வீட்டுப் பிள்ளைக தலைமாட்டுல இடி விழுந்தாலும் தூங்கும்” என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். அவரிடம் என் சந்தேகத்தைச் சொல்லவில்லை. கணவரிடமும் சொல்லவில்லை. ஃபோனில் எதையாவது படித்துவிட்டுப் பயந்து சாகிறவள் என்று எனக்கு ஏற்கெனவே ஒரு பெயர் இருந்தது. வேர்க்குருவை அம்மை என்று நினைத்துக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடியவள் நான். அதனால் இதையும் வாய்வரை கொண்டுவந்து விழுங்கிக்கொண்டே இருந்தேன்.

அந்த நாட்களில்தான் வீட்டுக்குத் திருட்டு அலாரம் வந்தது.

ஏலக்காய் எடுக்கும் பருவம். கணவர் போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்தில் இருந்தார். ஞாயிறு மட்டும்தான் இறங்கி வருவார். உலர்த்திய காய் மூட்டைகள் ஏலத்துக்குப் போகும்வரை எங்கள் பின்னறையில் கிடக்கும். பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டின் பூட்டை உடைத்து மூட்டைகளைக் கொண்டுபோய்விட்டார்கள் என்று கேள்விப்பட்டதும், இரண்டு பெண்களும் ஒரு குழந்தையும் இருக்கிற வீடு என்று அவர் பயந்து ஆள் சொல்லிவிட்டார்.

தேனியிலிருந்து அலாரம் மாட்டுகிற ஒரு தம்பி வந்தார். தோளில் வயர்ச் சுருள், கையில் பெட்டி, வாய் நிறையப் பேச்சு. நடு அறையின் பரணில் அலாரத்தின் பெட்டி இருக்கும், அங்கிருந்து ஒரு வயர் சுவர் வழியாக முன்வாசல் வரை வரும், வாசலுக்கு உள்பக்கம் எண்களை அழுத்துகிற கீபேட் இருக்கும் என்று விளக்கினார்.

“கதவத் தெறந்ததும் கீபேடு பீப்புனு கத்த ஆரம்பிக்கும்க்கா. அதுக்குள்ள நம்பரப் போட்டுரணும். போடலன்னா சைரன் ஊரக் கூட்டிரும்.”

“நம்பர் மறந்துபோச்சுன்னா அப்பு?” என்றார் அத்தை.

“அப்ப நீங்கதான் கள்ளன் ஆத்தா.”

அத்தை சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நடு அறையில்தான் தொட்டில் தொங்கியது. உள்ளே குழந்தை தூங்கிக்கொண்டிருந்தாள். தம்பி ட்ரில்லைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார். “பிள்ள எந்திரிக்கட்டுமாக்கா?”

“பரவாயில்ல, போடுங்க” என்றேன். கொஞ்சம் அவசரமாகவே சொல்லிவிட்டேன்.

“ஏத்தா, பச்சப் பிள்ள பதறிப்போகும்” என்றார் அத்தை. நான் தொட்டில் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ட்ரில் சுவருக்குள் இறங்கியது. என் பல்வரை அதிர்ந்தது. செங்கல் தூள் மெல்லிய சிவப்புப் புகையாகக் கிளம்பி, ஜன்னல் வெயிலில் சுற்றி, பின்னறையிலிருந்து வந்த ஏலக்காய் மணத்தோடு கலந்து நின்றது. குழந்தை வலது கன்னத்தைத் துணியில் புதைத்துக்கொண்டு தூங்கினாள். உதடு மட்டும் ஏதோ கனவில் பால் குடித்தது.

“பாத்தியா அப்பு எம் பேத்திய! ஒம் மிசினுக்கெல்லாம் அசர மாட்டா.”

“இவளுக்கு அலாரமே தண்டம் ஆத்தா. கள்ளன் தொட்டிலோட தூக்கிட்டுப் போனாலும் தூங்கிட்டே போவா.”

இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கை சேலையை விடவில்லை.

பிறகு அவர் வயரை இழுக்கத் தொடங்கினார். வெள்ளை உறைக்குள் சிவப்பு, கறுப்பு, மஞ்சள், பச்சை என்று நான்கு மெல்லிய கம்பிகள். சிவப்பும் கறுப்பும் கரண்டுக்கு, மற்ற இரண்டும் பேச்சுக்கு என்றார். கீபேடும் பெட்டியும் அந்த இரண்டு கம்பி வழியாகத்தான் பேசிக்கொள்ளுமாம். முதல் தடவை மஞ்சளையும் பச்சையையும் மாற்றி மாட்டிவிட்டார். கீபேடில் விளக்கு எரிந்தது, எந்த எண்ணை அழுத்தியும் பலனில்லை. “உயிர் இருக்கு, பேச்சில்ல” என்று சாதாரணமாகச் சொல்லிக்கொண்டே கழற்றி மாற்றினார்.  அதைக் கேட்டதும் நான் அங்கிருந்து நகர்ந்து அடுக்களைக்குப் போய், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் ஒரு தம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

நான் திரும்பியபோது அத்தை கீபேடுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து முடித்திருந்தார். எங்கள் வீட்டில் ஃபிரிட்ஜுக்கும் வைத்தார், மிக்ஸிக்கும் வைத்தார். இது மட்டும் தப்புமா? கீபேட் இன்னும் சுவரில் ஏறவில்லை. வயரின் நுனியில், வாசல் ஆணியில் பொட்டு வைத்த முகம்போலத் தொங்கிக்கொண்டிருந்தது.

குழந்தை எழுந்துவிட்டாள். பாயில் உட்காரவைத்து ஒரு டப்பா மூடியைக் கையில் கொடுத்தேன். வாசல் அவளுக்கு இடப்பக்கமாகப் பின்னால் இருந்தது. தம்பி எண்களை அழுத்தினார். ஏதோ பஞ்சுக்குள்ளிருந்து வருவதுபோல ஒரு சத்தம். அவள் திரும்பவில்லை.

“இன்னொருக்கா அழுத்துங்க தம்பி.”

மறுபடியும் அழுத்தினார். அவள் மூடியை நக்கிக்கொண்டிருந்தாள்.

“இவ்வளவுதான் சத்தமா?”

“இல்லியேக்கா, கீச்சுனு கத்தணுமே” என்று அவர் கீபேடைக் காதருகே கொண்டுபோனார். பிறகு அதன் முகத்தைப் பார்த்தார். “அட ஆத்தா! சத்தம் வர்ற ஓட்டையில போய்ப் பொட்டு வச்சிருக்கீகளே!”

“நெத்தினு நெனச்சு வச்சேன்டா.”

“இதுக்கு நெத்தியே கெடையாது ஆத்தா, வாய் மட்டுந்தான்.”

“அப்ப எம் மருமகளுக்கு நேர் எதிரு. அவ வாயத் தெறக்கவே மாட்டா” என்றபடி அத்தை தன் வளையலில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றிக் கொடுத்தார். தம்பி சந்தனத்தைச் சுரண்டி ஊதிவிட்டு அழுத்தினார்.

இப்போது சத்தம் ஒரு சின்னக் குருவிபோல அறைக்குள் பறந்தது. குழந்தை மூடியைக் கீழே போட்டாள். நிமிர்ந்தாள். திரும்பினாள்.

“கேட்டுருச்சு கழுதைக்கு!” என்று அத்தை கைதட்டினார்.

அவள் வலப்பக்கம் திரும்பியிருந்தாள். அடுக்களைப் பக்கம். அங்கே யாருமில்லை, எதுவுமில்லை. வெறும் கதவில் எதையோ தேடிவிட்டு, கிடைக்காமல் மறுபடி மூடியை எடுத்துக்கொண்டாள். கீபேட் இருந்தது இடப்பக்கம்.

அந்த நிமிடத்திலும் நான் எனக்குள்ளேயே வாதாடினேன். சுவரில் பட்டு எதிரொலித்திருக்கும். அடுக்களைக் குழாய் சொட்டியிருக்கும். எல்லாரும் சந்தோஷமாக இருக்கிறார்கள், இப்போது போய் எதற்கு என்று தோன்றியது. ஆனால் தம்பி சுவரில் திருகு போட ஆரம்பித்துவிட்டார். கீபேட் சுவரில் ஏறிவிட்டால் பிறகு ஒரே பக்கத்திலிருந்துதான் ஒலிக்கும்.

“தம்பி, கொஞ்சம் மாட்டாம இருங்க. வயர் நீளம் இருக்குல்ல? அத எடுத்துட்டு பாப்பாவச் சுத்தி வர முடியுமா?”

“எதுக்குக்கா?”

எத்தனையோ முறை விழுங்கிய வார்த்தை ஒரு அந்நியர் முன்னால் வெளியே வந்தது. “அவளுக்குக் காது சரியாக் கேக்குதான்னு எனக்கு ரொம்ப நாளாச் சந்தேகம்.”

தம்பி பேச்சை நிறுத்தினார். அன்று காலையிலிருந்து முதல் தடவையாக. அத்தை என்னைப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவரோ புடவையைக் கூட்டிக்கொண்டு பாயின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

“சத்தத்தக் கொறைக்கவும் செய்யலாம்க்கா” என்றார் தம்பி மெதுவாக. கீபேடின் வெளிச்சம் குழந்தைக்குத் தெரியாமல் சட்டையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். வெள்ளை வயர் அவர் பின்னால் தரையில் வளைந்து வளைந்து வந்தது. வெளியே மலையிலிருந்து மஞ்சு மூட்டம் இறங்கியிருக்க வேண்டும், ஜன்னல் வெயில் அணைந்துவிட்டது. தெருவில் ஒரு சத்தமும் இல்லை. அந்த அறை மட்டும் எங்கோ தனியாக மிதந்துகொண்டிருப்பதுபோல இருந்தது.

வலப்பக்கம் அழுத்தினார். வலப்பக்கம் திரும்பி அவரைப் பார்த்துச் சிரித்தாள். இடப்பக்கம் போய் அழுத்தினார். வலப்பக்கம் திரும்பினாள். நேர்பின்னால் நின்று அழுத்தினார். அப்போதும் வலப்பக்கம்தான். சத்தத்தை மிகவும் குறைத்துக்கொண்டு இடது காதுக்கு அருகில் குனிந்தார். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதே சத்தத்தோடு வலப்பக்கம் போனார். டக்கென்று திரும்பிக் கீபேடைப் பிடிக்கக் கை நீட்டினாள்.

“இன்னொரு மட்டம் பாரு அப்பு” என்றார் அத்தை. குரல் மாறியிருந்தது. தம்பி மறுபடி சுற்றி வந்தார். மறுபடியும் அதேதான்.

நான் தோட்டத்துக்கு ஃபோன் போட்டேன். அங்கே சிக்னல் ஒரு பாறைக்குப் பக்கத்தில் மட்டும்தான் கிடைக்கும். யாரோ ஓடிப்போய்க் கணவரைக் கூட்டிவந்தார்கள். நான் சொல்லி முடிப்பதற்குள், “ஒனக்கு இதே சோலி. ஃபோன்ல எதையாவது பாத்துட்டு…” என்று அவர் ஆரம்பித்தார். அத்தை கை நீட்டி ஃபோனை வாங்கிக்கொண்டார்.

“டேய், அவ ஃபோனப் பாத்துச் சொல்லல. எங் கண்ணு முன்னாடி பாத்தேன். காய் எங்கயும் ஓடாது, வெரசா எறங்கி வா.”

அந்த மாலை ஜீப்பிலேயே அவர் வந்துவிட்டார். தம்பி அதற்குள் கீபேடைச் சுவரில் மாட்டிவிட்டுப் போயிருந்தார். சைரனைச் சோதிக்க அத்தை விடவில்லை; குழந்தையை ஊரைவிட்டே கூட்டிப்போன பிறகு அடித்துப் பார் என்று சொல்லிவிட்டார்.

மதுரை ஆஸ்பத்திரியில் அவளைத் தூங்கவைத்துக் காதைச் சோதித்துப் பார்த்தார்கள். நாங்கள் மூன்று பேரும் வெளியே நாற்காலிகளில் ஒருவரை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தோம். நான் தவறாகப் பார்த்திருக்க வேண்டும் என்று வேண்டினேன். தவறாகப் பார்த்திருந்தால் இனி என் பேச்சை யார் கேட்பார்கள் என்றும் நினைத்தேன். இரண்டையும் ஒரே நேரத்தில் நினைத்தேன்.

வலது காது நன்றாக இருக்கிறது, இடது காதில் மிகக் குறைவாகத்தான் கேட்கிறது என்றார் டாக்டர். வலது காது துணியில் அழுந்தும்படி படுத்தால் உலகமே அவளுக்கு ஓய்ந்துவிடும். மறுபக்கம் படுத்தால் வளையல் சத்தமும் எழுப்பிவிடும். “பேச்சு வரும், பயப்படாதீங்க. கொஞ்சம் வளர்ந்ததும் இடது காதுக்குக் கருவி வச்சுப் பார்க்கலாம். வலது காதைக் கண்ணு மாதிரி பாத்துக்கங்க. சளி பிடிச்சா உடனே காட்டுங்க. வீட்டில் எல்லாரும் வலது பக்கமா உக்காந்து பேசுங்க” என்றார். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டார்.  கணவர்தான், “இவதான் கண்டுபிடிச்சா” என்றார்.

போடிக்குத் திரும்பும் ரயிலில் அத்தைக்கு ஜன்னல் ஓரம் கிடைத்தது. குழந்தை என் மடியில் இருந்தாள். ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டியதும், தூரத்தில் மலைகள் நீலமாக, இன்னும் முழுதாக உருவாகாதவைபோலத் தெரிந்தன. “அந்தா பாரு மலை, அப்பா தோட்டம் அங்கதான் இருக்கு” என்று அத்தை அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். பாதியில் பேச்சை நிறுத்தினார். குழந்தையையும் என்னையும் பார்த்தார். தான் குழந்தைக்கு எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறோம் என்று அப்போதுதான் கவனித்திருக்கிறார். எழுந்தார், ஆடுகிற ரயிலில் என் தோளைப் பிடித்துக்கொண்டு கடந்து வந்து, என் கணவருக்கும் எனக்கும் நடுவில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

“நகருடா” என்றார் மகனிடம். பிறகு குழந்தையின் வலது காதுக்குக் குனிந்து, மலையைப் பற்றி முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார். ஜன்னல் ஓரம் காலியாகவே கிடந்தது.