பூசையில் பார்த்த வேவு

எனக்குச் சந்தேகப் புத்தி பிறவியிலேயே உண்டு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் சாந்தன்பாறைப் பக்கத்து ஏலக்காய்த் தோட்டம் ஒன்றில் கம்பவுண்டராகச் சேர்ந்த பிறகு அதற்குச் சம்பளமும் கிடைத்தது. காலையில் வலி என்று வந்து நிற்பவர்களில் யாருக்கு நிஜ வலி, யாருக்குக் கள்ள வலி என்று பிரித்துச் சீட்டு எழுதுவதுதான் என் முக்கிய வேலை. மருந்து கொடுப்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

அந்த மழைக்காலத்தில் இரண்டு பேருக்கு முட்டி போயிற்று. ஆபீஸ் கிளார்க் படியில் சறுக்கி விழுந்தார். காய் எடுக்கும் ஒரு பெண் சரிவில் உருண்டாள். மலையேறி வந்த டாக்டர் இருவருக்கும் ஒரே மாதிரி மட்டை வைத்துக் கட்டினார். கட்டை அவிழ்த்ததும் தினமும் வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக மடக்கிப் பழக்க வேண்டும், விட்டால் முட்டி இறுகிவிடும் என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனார்.

கிளார்க் வீட்டுக்கு நானே போனேன். வலிக்கிறது என்று அவர் முகம் சுளித்தால் நிறுத்தி, ஆறவிட்டு, மறுபடி மடக்குவேன். அந்தப் பெண் அதே வார்த்தையைச் சொன்னபோது மட்டும் என் சந்தேகம் விழித்துக்கொண்டது. ஏலக்காய் செடியின் தூரில் காய்க்கும். குத்தவைத்துத்தான் எடுக்க வேண்டும். முட்டியைச் சாக்கு வைத்து மழை முழுக்கக் கூலிக் குடியிருப்பான லயத்தில் குளிர் காயப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். தைலத்தைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசையில் ஆண்கள் பக்கமிருந்து அவளையே கவனித்தேன். மணி அடித்ததும் எல்லோரும் முழங்காலிட, முக்காடு போட்ட அவள் தலையும் சேர்ந்து கீழே இறங்கியது. 'அகப்பட்டாயா!' என்று உள்ளுக்குள் துள்ளினேன். அன்று நான் சாமி கும்பிட்டதாக நினைவில்லை. மறுநாளே அவள் வேலைக்குப் போகலாம் என்று சீட்டு எழுதினேன்.

இரண்டு மாதம் கழித்து, பூசைக்குப் பிந்திப் போனதில் பெண்கள் பக்கத்துக் கதவோரம் நிற்க நேர்ந்தது. மணி அடித்தது. இரண்டு பெண்கள் அவள் கக்கத்தில் கை கொடுத்து இறக்கினார்கள். ஒரு கால் மடங்கியது. மற்றது சேலைக்குள் விறகுக்கட்டை மாதிரி பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருந்தது.

அன்று சாயங்காலமே அவள் லயத்துக்குப் போனேன். பூசையில் வேவு பார்த்து ஏமாந்ததை ஒளிக்காமல் சொல்லி, "தெனமும் நானே வாரேம்மா, ஒத்தடம் குடுத்து மடக்கிப் பாப்போம்" என்றேன்.

அவள் கோபப்படவில்லை. "கிளார்க்கய்யா வலிக்குன்னு சொன்னப்ப, அவுகள எந்தக் கோயில்ல போயிப் பாத்தீக, கம்பவுண்டரய்யா?" என்று மட்டும் கேட்டாள்.

குனிந்து காலைப் பிடித்தேன். கிளார்க் அதற்குள் ஆபீஸ் படிகளில் தடதடவென்று ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். இவள் முட்டி கொஞ்சம் மடங்கி அங்கேயே நின்றுவிட்டது. வலிக்கிறதா என்று கேட்டேன்.

"இப்ப வலிக்கல, அய்யா."

அவள் வார்த்தையை அன்றுதான் முதன்முதலாக நம்பினேன். அடுத்த மழை வரை தினமும் மடக்கிப் பார்த்தேன். குத்தவைக்கும் அளவுக்கு அது மடங்கவே இல்லை.